பெட்டி கூப்பிட்ட அம்மன்

போன ஞாயிற்றுக்கிழமை, மேல்மலைக் கிராமம் ஒன்றில், காலையில் வந்து வாக்குச் சொல்லிவிட்டு முறைப்படி மலையேறிப் போன அம்மனை, சாயங்காலம் ஒரு எலெக்ட்ரானிக் பெட்டி மறுபடியும் கூப்பிட்டுவிட்டது.

சிரிக்காதீர்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சிரிக்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

முதலில் பெட்டிக்காரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் அமுதா. செண்பகனூரில் எனக்குப் பக்கத்து போர்ஷன். ஒரு ஹோம்ஸ்டேயில் ரிசப்ஷன் வேலை. சொந்த ஊர் மேல்மலை, வீட்டில் பூண்டு விவசாயம். காலையில் டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே ஓடும்போது பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரிவாள். சாயங்காலம் அந்தப் பெட்டியை மடியில் வைத்துவிட்டால்... வேறு ஆள்.

எங்கள் பழக்கம் ஆரம்பித்ததே சண்டையில்தான். ஒருநாள் என் குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அதே விசில். என் குக்கர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பின்னாலிருந்து முன்னால் அடிக்கிறது! அப்புறம் மெதுவாக. அப்புறம் துண்டு துண்டாக, விக்கல் எடுத்தபடி. போய்க் கதவைத் தட்டினேன்.

"என் குக்கரை என்னம்மா பண்ணிட்டிருக்க?"

"ஸாரிக்கா. நல்ல விசிலா இருந்துச்சு. எடுத்துக்கிட்டேன்" என்றாள், கொல்லையில் கருவேப்பிலை பறித்துக்கொண்டவள் மாதிரி.

உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். டிபன் பாக்ஸ் அளவு பெட்டி. மேலே வரிசையாகத் திருகுகள், மினுக் மினுக்கென்று குட்டி லைட்டுகள். மைக்கில் ஒரு சத்தத்தைப் பிடித்துப் போட்டால் அது பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி வரும். அதற்கு லூப் என்று பெயர். இது வரைக்கும் எனக்கும் புரிந்தது. ஓரத்தில் இருந்த ஒரு திருகில்தான் விஷயமே இருக்கிறது. ரேண்டம். அதைத் திருப்பிவிட்டால், எந்தத் துண்டு வரும், எவ்வளவு நீளம் வரும், வேகமாகவா மெதுவாகவா, நேராகவா தலைகீழாகவா – எல்லாவற்றையும் பெட்டியே முடிவு பண்ணும். வாசிக்கிறவருக்கே முன்கூட்டித் தெரியாது.

"அப்புறம் நீ எதுக்கு?" என்றேன். நியாயமான கேள்விதானே?

"ரம்மி ஆடுவீங்கல்லக்கா? சீட்டு நான் கொண்டுவர்றேன். கலைச்சுப் போடுறது அது. கைக்கு வந்ததை வச்சு ஆடுறது நானு."

இன்னும் இரண்டு பிடிவாதம் அவளுக்கு உண்டு. வீட்டில் எதையும் பதிவு செய்து எடுத்துப் போக மாட்டாள். மேடை ஏறும்போது பெட்டி காலியாக இருக்கும். அங்கே கேட்கிற சத்தம்தான் சரக்கு. இரண்டாவது, ரேண்டம் திருகை முழுதாகத் திருப்பி வைத்தால் வாசித்து முடிக்கும் வரை அதில் கை வைப்பதில்லை. ஏன் என்று கேட்டால், "பாதியில கை வச்சா அப்புறம் பயந்து பயந்துதேன் வாசிப்பேன்" என்பாள்.

கொடைக்கானல் கஃபே ஒன்றில் அவள் வாசித்துக் கேட்டிருக்கிறேன். யாரோ ஸ்பூனைக் கீழே போட்டார்கள். ஒரு குழந்தை இருமியது. காபி மெஷின் சீறியது. கொஞ்ச நேரத்தில் மூன்றும் ஒன்றையொன்று துரத்தி, மோதி, சமாதானமாகி... எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எத்தனையோ கச்சேரிகளில் அடுத்து என்ன வரும் என்று தெரிந்தே தலையாட்டியிருக்கிறேன். இங்கே வாசிக்கிறவளும் நானும் ஒரே படகில், இரண்டு பேருக்கும் கரை தெரியாது. அவள் முகத்தில் மட்டும் பயமே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், பொறாமையாக இருந்தது.

சரி, திருவிழாவுக்கு வருவோம்.

அவள் அப்பா காளிமுத்து, ஊர் விழாக் கமிட்டியில் ஒருவர். சாயங்கால பூஜைக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் நடுவில் மகளுக்கு அரை மணி நேரம் மேடை கேட்டார். கமிட்டித் தலைவர் பெரியகருப்பனுக்கு இஷ்டமே இல்லை. மிஷின் சத்தத்தை மேடையேற்றி வெளியூர்க்காரன் சிரிக்கணுமா என்று கேட்டாராம். காளிமுத்து எழுந்து, "ஏதாச்சும் ஏடாகூடமாச்சுன்னா நான் பொறுப்புங்க. கமிட்டிய விட்டே வெலகிக்கிறேன்" என்று சபையில் சொல்லிவிட்டார்.

விழாவுக்கு எங்களைக் கூட்டிப்போக அவரே ஜீப்பில் வந்திருந்தார். மேலே போகும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மகள் வாசித்து நீங்கள் கேட்டிருக்கிறீர்களா என்று விசாரித்தேன்.

"இல்லீங்க."

"கேக்காமயா பொறுப்பு எடுத்துக்கிட்டீங்க?"

"அது பெட்டிய வச்சிருக்கையில பேசாம கெடக்குங்க. சின்னதுலருந்தே வாயாடி. மனசுக்குப் பிடிச்ச சோலின்னாத்தேன் பேசாம கெடக்கும். அது போதும்ல?"



மேல்மலையில் விழா மேடையெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கிவிடும். இருட்டினால் மஞ்சு இறங்கிவிடும், பக்கத்தில் இருப்பவர் முகமே தெரியாது. அமுதா மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். காலிப் பெட்டி. அன்னதானப் பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டச் சொல்லி ஒரு சத்தம் எடுத்தாள். காய்ந்த பூண்டுக் கட்டு ஒன்றை மைக்கில் உரசி இன்னொன்று. அந்த நேரம் பார்த்துத் தலைவர் பெரியகருப்பன் இன்னொரு மைக்கில், "வெள்ளைக் கலர் கார்க்காரர் வெரசா வந்து வண்டிய எடுங்க" என்றார். விடுவாளா? அதையும் பிடித்துப் போட்டாள்.

பெட்டி கலைத்தது. "வெரசா... வெர... டிய எடு... வெரசா வெரசா" என்று தலைவரின் குரல் கீச்சுக் குரலில் ஆடியது. ஊரே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. காளிமுத்து மேடை ஓரத்தில் நின்று தலைவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து அமுதா கீழே உட்கார்ந்திருந்த உறுமி மேளக்காரர்களிடம் திரும்பினாள். "சின்னராசு அண்ணே, கொஞ்சம் கொட்டுங்க. சும்மா ஊர்வலத்துல நடந்து போற கொட்டு போதும்."

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். உறுமி மேளத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கொட்டு. நடந்து போக ஒன்று, தீபாராதனைக்கு ஒன்று. சாமியை அழைப்பதற்கென்று ஒன்று உண்டு. அதை விளையாட்டுக்குக்கூட வாசிக்க மாட்டார்கள். பழகும்போதுகூட முழுதாக வாசிக்காமல் நிறுத்திவிடுவார்களாம். அந்த ஊரில் பிறந்த அமுதாவுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் நடைக் கொட்டாகப் பார்த்துக் கேட்டாள். சின்னராசுவும் அதைத்தான் கொட்டினார்.

பெட்டிக்கு யார் சொல்வது?

அது நடைக் கொட்டை வெட்டியது. முன்னுக்குப் பின் அடுக்கியது. உறுமியின் அந்த இழுவைச் சத்தத்தை எடுத்து இரண்டு அடிகளுக்கு நடுவில் சொருகியது. வேகத்தைக் கூட்டியது. எனக்குப் பிரமாதமாகத்தான் இருந்தது, தலையாட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று சின்னராசு எழுந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மற்ற மேளக்காரர்களும் எழுந்தார்கள்.

யாரும் கொட்டாத அழைப்புக் கொட்டு, பெட்டிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

பெண்கள் பக்கம் ஒரு சத்தம். ராக்கம்மாள் எழுந்துவிட்டார். வருஷா வருஷம் அம்மன் இறங்குவது அவர் மேல்தான். காலையில் விரதம் இருந்து, ஆடி, வாக்குச் சொல்லி, எல்லாம் முடிந்து, மத்தியானம் சாப்பிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தவர். இப்போது கம்பளி ஒரு பக்கம், அவிழ்ந்த கூந்தல் ஒரு பக்கம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராக்கம்மாள், தலைவர் பெரியகருப்பனின் மனைவி.

"சோறு சாப்பிட்டுருக்கே, தாங்குமா?" என்று எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் அழும் குரலில் கேட்டார்.

அழைத்த சாமியைப் பாதியில் விட்டால் அந்த உடம்பு தாங்காது என்பது ஊர் நம்பிக்கை. எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு பேச்சு. ராக்கம்மாளின் கழுத்து நரம்பு புடைத்து நடுங்கியதை நான் பார்த்தேன். பெட்டியை அணைத்தால் பாதியில் விட்டதாகிவிடும். அணைக்காமல் விட்டாலோ, அடுத்த நொடி பெட்டி என்ன எடுத்து வீசும் என்று எந்த மனிதருக்கும் தெரியாது. ஆடிக்கொண்டிருக்கும் அம்மனிடம் "வண்டிய எடுங்க" என்று அது சொல்லிவிட்டால்? காளிமுத்துவுக்குக் கமிட்டி மட்டுமா போகும், ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? 

அமுதா ராக்கம்மாளின் காலைப் பார்த்தாள். பெட்டியைப் பார்க்கவே இல்லை. கை மட்டும் போய், அந்த ரேண்டம் திருகைக் கடைசி வரை பின்னால் திருப்பியது.

கொட்டு நிலைத்தது. அதே அடி, அதே இடைவெளி, மறுபடி மறுபடி. அவள் சின்னராசுவைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் அதற்குள்ளேயே தோளில் உறுமியை மாட்டியாயிற்று. பெட்டியின் கொட்டுக்கு மேலேயே அவர் தன் கொட்டை வைத்தார். அவள் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். எந்த இடத்தில் பெட்டி நின்றது, எந்த இடத்தில் மேளம் ஏற்றுக்கொண்டது என்று எனக்குத் தெரியவில்லை. ராக்கம்மாளின் கால் ஒரு அடிகூடத் தவறவில்லை. மேடையில் அமுதா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதுவரை அவள் வாசித்துக் கேட்டதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், அவள் வாசிக்காமல் உட்கார்ந்திருந்த அந்த இடம்தான்.

தலைவர் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தார். மனைவியிடம் இல்லை, அம்மனிடம் கேட்டார். "தாயி, காலையிலதான போன. என்ன கொறைன்னு சொல்லு."

"போனவளத் திரும்பக் கூப்பிட்டது யாரு?"

 காளிமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "எம் மகதேன் தாயி. தெரியாம நடந்துபோச்சு. பொறுப்பு நான். என்ன சொல்றியோ என்னயச் சொல்லு."

அம்மன் அவரைப் பார்த்தது. மேடையில் இருந்த அமுதாவைப் பார்த்தது. தட்டிலிருந்து திருநீற்றை அள்ளி காளிமுத்துவின் நெற்றி நிறையப் பூசியது.

"நல்லாத்தேன் கூப்பிட்டா" என்றது.

மேளம் தணிந்தது. ராக்கம்மாளைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். காளிமுத்து நெற்றியைத் துடைக்காமல் நின்றுகொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், மறைப்பானேன்?

பாட்டுக் கச்சேரிக்காரர்கள் வயர்களை இழுத்துக்கொண்டு மேடையேறிய பிறகு, அமுதாவிடம் கேட்டேன். அந்தத் திருகில் கை வைக்க மாட்டாயே, எப்படி மனசு வந்தது?

"ராக்கம்மா பெரியம்மா கால் விழுற எடத்துல கொட்டு விழலைன்னா தடுக்கி விழுந்துருவாங்கக்கா" என்றாள். அவ்வளவுதான். பெரிய தத்துவமாக ஏதாவது சொல்வாள், பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்திக்கு ஆகும் என்று எதிர்பார்த்த எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மனம் போன போக்கில் வாசிப்பது என்றால் சுலபம் என்று நினைக்கிறோம். போக்குக்கு விட்டுவிட்டு, எதிரே இருப்பவர் கால் எங்கே விழுகிறது என்றும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமே! மேடையை விடுங்கள், ஒரு வீட்டுக்குள் நான்கு பேர் சேர்ந்து இருப்பதற்கே இது வேண்டியிருக்கிறது. எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

மஞ்சு இறங்க ஆரம்பித்தது. நாங்கள் ஜீப்புக்குக் கிளம்பும்போது தலைவர் பெரியகருப்பன் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"காளிமுத்து, அடுத்த வருசம் ஒம் மகளக் காலையிலயே வாசிக்கச் சொல்லு. சாமி அழைக்கையில, மேளத்தோட சேந்து."

காளிமுத்து வாயைத் திறப்பதற்குள் அமுதா முந்திக்கொண்டாள். "வர்றேன் பெரியப்பா. ஆனா அந்தக் கொட்டு மறுபடி வரும்னு சொல்ல முடியாது. அது எங் கையில இல்ல. வராமலே போனாலும் போகும்."

இந்தப் பெண் காரியத்தைக் கெடுக்கிறாளே என்று நான் பல்லைக் கடித்தேன். பெரியகருப்பனுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

"சாமி மட்டும் வர்றேன்னு சொல்லிட்டா வருது? நாம கூப்பிடுறோம். வந்தா வருது. நீ வெள்ளனே வந்து சேரு."

அந்தப் பெட்டியைச் செய்த என்ஜினியர் எந்த தேசத்தில் இருக்கிறாரோ தெரியாது. யாராவது பார்த்தால் சொல்லிவிடுங்கள் – அவருடைய பெட்டிக்கு எங்கள் மலையில் கோயில் வேலை கிடைத்துவிட்டது.