பச்சை அட்டையும் பௌர்ணமிக் கூட்டமும்

நான் சரியான பயந்தாங்கொள்ளி. வகுப்பில் நான் போடும் அதட்டலைக் கேட்டவர்கள் நம்பமாட்டார்கள். அந்த அதட்டலே பாதி பயத்தில் வருவதுதான்.

அடி அண்ணாமலைப் பக்கம், கிரிவலப் பாதையை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு நான் ஆசிரியை. அதில் ஒரு பெண், கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசுவாள். ஒருமுறை ஜியோமெட்ரி பாக்ஸ் என் காதை உரசிக்கொண்டு போனது. டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்று ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தது. பயிற்சியில் கற்றுவந்த ஒரு வழியை முயன்று பார்க்கலாம் என்று நான்தான் மல்லுக்கு நின்றேன். கோபம் முட்டும்போது, நான் கொடுத்திருந்த ஒரு பச்சை அட்டையை அவள் காட்டுவாள். நான் ஒன்றும் கேட்காமல் தலையசைப்பேன். மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டு, கோபம் ஆறியதும் தானே திரும்பி வருவாள். அவ்வளவுதான்.

"பொம்பளப் புள்ளைய தனியா வெளிய அனுப்புறீங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார் தலைமையாசிரியை.

ஒன்றும் ஆகவில்லை. வீசுவது கம்மியானது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது.

பௌர்ணமி வந்தது. மலை சுற்றுகிறவர்கள் உள்ளே வந்து தண்ணீர் குடிக்கட்டும் என்று அன்று எங்கள் பள்ளி கேட்டைத் திறந்து வைப்போம். எத்தனையோ பௌர்ணமியாக நான் பார்த்து வருகிற வழக்கம். ஆனால் அட்டை கொடுத்தபோது அது என் மண்டைக்கு எட்டவேயில்லை. அன்று காலையில் அவள் அட்டையைத் தூக்கினாள். தலையசைத்தேன்.

வெகுநேரமாகியும் ஆள் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மரத்தடி முழுக்க வெளியூர்க்காரர்கள், பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடந்தார்கள். அவளைக் காணவில்லை.

வகுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிட்டு கேட்டுக்கு ஓடினேன். பாதை கொள்ளாத ஜனம். "ஸ்கூல் பொண்ணு ஒண்ணு இப்டி போச்சாங்க?" என்று வெள்ளரிக்காய் விற்கிற அம்மாவைக் கேட்டேன்.

"இத்தினி கூட்டத்துல நான் யாரைம்மா பாக்கறது?"

யாரோ ஒருவன் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது திரும்பத் திரும்பக் கண்ணில் ஓடியது. அவள் அம்மா வந்து கேட்டால் என்ன சொல்வேன்? திரும்ப ஓடிவந்து கழிப்பறை, சத்துணவுக்கூடம் எல்லாம் தேடினேன். கடைசியில் மொட்டைமாடிப் படிக்கட்டின் உச்சியில், பூட்டிய கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கையை ஓங்கிக்கொண்டு ஏறினேன். அடித்தே இருப்பேன்.

"ஓடிப் போவல மிஸ்" என்றாள் அவசரமாக. "மரத்தாண்ட எடமே இல்ல. ஒரு ஆளு, 'இங்க வந்து உக்காரு பாப்பா'னு கூப்ட்டாரு. பயமா இருந்துச்சு. அதான் யாரும் இல்லாத எடமா பாத்து வந்துட்டேன்."

ஓங்கிய கையை இறக்கி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் அட்டையை மடியில் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே அனுப்ப மாட்டீங்களா மிஸ்?"

"அனுப்புவேன்" என்றேன்.

இப்போதெல்லாம் பௌர்ணமியன்று அவளுக்கு அந்தப் படிக்கட்டுதான். அவள் அட்டையைத் தூக்குகிறாள், நானும் தலையசைக்கிறேன். அவள் திரும்பி வந்து பெஞ்சில் உட்காரும்வரை, கரும்பலகையில் என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிவதில்லை.