காக்கிக் கரை வைத்த போர்வை

கொரோனாவுக்காக ஊரடங்கு போட்ட அன்றுதான் என் வீட்டுக்காரர் வீட்டில் உட்கார்ந்தார். அரசு பஸ் டிரைவராக இருந்தவர். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு மலைப்பாதையில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் காலையில் குளித்துவிட்டு டெப்போ பக்கத்து டீக்கடைக்குப் போய்விடுவார். சாப்பிடவும் தூங்கவும்தான் வீடு. எங்கள் கல்யாணம் இத்தனை வருஷம் ஓடியதே அவர் வெளியில் இருந்ததால்தான். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் வழியெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டார்கள். பஸ் ஓடாமல் அவர் சில நாள் வீட்டில் இருந்தார். அவரிடம் நான் முதல் அடி வாங்கியது அப்போதுதான்.

நான் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தேன். பாடத்திட்டத்தில் இருந்த கைக்குட்டையையும் ஜட்டியையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே காலம் போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகு என் இஷ்டத்துக்குப் போர்வை தைக்க ஆரம்பித்தேன். அடியில் பழைய நூல் சேலை, நடுவில் வேட்டி, மேலே துண்டுத் துணிகளை இணைத்த ஒரு பரப்பு. மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போட வேண்டும். ஒன்றை முடிக்க மாதக்கணக்காகும்.

அந்த வருஷம் தைத்தது வெள்ளிமலையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மகளுக்கு. மார்கழியில் அங்கே கம்பளி இல்லாமல் முடியாது. வடக்கனந்தலில் எங்கள் வீட்டுப் பின்கட்டு ஜன்னலில் நின்றால் கல்வராயன் மலை முழுதாகத் தெரியும். மலையை அப்படியே படமாகத் தைக்க எனக்கு விருப்பமில்லை. அதன் நிறங்கள் மட்டும் வேண்டும். வண்டிகள் ஓடாத அந்தச் சித்திரையில் காற்று சுத்தமாக இருந்தது. தினமும் காலையில் ஜன்னலில் நின்று பார்த்தேன். நீலம் என்று நினைத்துக்கொண்டிருந்த மலையில் நீலம் கொஞ்சம்தான். சாம்பல், பாசி, வாடிய கத்தரிக்காயின் நிறம், மேலே எங்கோ ஒரு கீற்றில் வெளிர் மஞ்சள். துணிகளைப் பட்டை பட்டையாக வெட்டித் தரையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன். ஒரு பட்டையை இடம் மாற்றினால் மற்ற எல்லாம் வேறாகிவிடும். சமைத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் தரையில்தான் இருந்தேன். ஊரே முடங்கிக் கிடந்தபோது எனக்குப் பொழுது போதவில்லை.

அது அவருக்குப் பொறுக்கவில்லை. குளித்த ஈரக்காலோடு வந்து பரப்பியிருந்த துணிகள் மேல் நடந்தே போவார். சுற்றிப்போக இடம் இருக்கும்.

"கொஞ்சம் ஓரமா போங்களேன்" என்றேன் ஒருநாள்.

"என் வூட்ல நான் எங்க நடக்கணும்னு நீ சொல்லுவியா? பிச்சக்காரி மூட்டையப் பிரிச்ச மாதிரி போட்டுக்கினு."

பட்டைகள் காலில் ஒட்டி இடம் மாறிவிடும். அவர் போனபிறகு மறுபடி அடுக்குவேன். பிறகு மனதில் அடுக்கிப் பார்க்கப் பழகிக்கொண்டேன். அதை அவரால் மிதிக்க முடியவில்லை.

துண்டுத் துணி எனக்குப் பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும். அந்த வீட்டு பாய்க்குத் துணிக்கடை. அவர் மனைவி கட்டிவைத்த வெட்டுத்துணிப் பொட்டலத்தை மதில் மேல் கொண்டுவந்து வைத்து, கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவாள். அந்த ஊரடங்கில் நான் முகம் பார்த்துப் பேசிய வெளியாள் அவள் ஒருத்திதான். ஆடி மாதத்தில் திடீரென்று அவள் வருவது நின்றது. ஒருநாள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. பாய்க்கு சுகர் ஜாஸ்தி. உங்களுக்கு அந்தக் காய்ச்சல் வந்துருக்குன்னு உங்க வூட்டுக்காரர் சொன்னாரு."

எனக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. தெருவில் எல்லாரிடமும் அப்படியே சொல்லி வைத்திருந்தார். என் கையால் சமைத்ததை மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருந்தார். உள்ளே வந்து கேட்டேன்.

"இன்னாத்துக்கு அப்படிச் சொன்னீங்க?"

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆள் வந்துக்கினே இருந்தா எனக்கு ஒட்டிக்காதா? நீ தச்சி இன்னா பண்ணப்போற? துணி வரலன்னா தானா அடங்குவ."

நான் அடங்கவில்லை. என் ரவிக்கைகளை வெட்டினேன். தலையணை உறையை வெட்டினேன். தெருவில் ஒரு வீட்டு வாசலில் கோலம் போடும் பெண்கூட என்னைக் கண்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஐப்பசி மழையில் மலை மறைந்துபோன பிறகும் கண்ணுக்குள் இருந்ததைப் பார்த்துத் தைத்தேன். கார்த்திகைக் கடைசியில் போர்வை முடிந்தது. துவைத்து, உலர்த்தி, மடித்துக் கட்டிலில் வைத்தேன். மகளுக்குப் போன் செய்து அடுத்து கீழே இறங்கும்போது எடுத்துப்போகச் சொன்னேன்.

அந்தச் சமயம் மறுபடி இடஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கியிருந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு கிராம நிர்வாக அலுவலகம் முன்னால் உட்கார்ந்து மனு கொடுத்தார்கள். இவரும் விடிந்ததும் கிளம்பினார். நான் பின்கட்டிலிருந்து வந்தபோது கட்டிலில் போர்வை இல்லை.

நேரே அங்கே போனேன். முந்தின நாள் பெய்த மழையில் ரோடெல்லாம் சேறு. என் போர்வை அதன் மேல் விரித்துக் கிடந்தது. அவரோடு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளிர் மஞ்சள் பட்டைமேல் ஒருவர் டீ கிளாஸை வைத்திருந்தார்.

"அது மவளுக்குத் தச்சதுங்க" என்றேன்.

இவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சொன்னார்: "கந்தத் துணிய ஒட்டி வச்சிக்கினு போர்வைன்றா. ஜமுக்காளம் இல்ல, அதான் கொண்டாந்தேன்."

இரண்டொருவர் சிரித்தார்கள். ஒருவர் எழுந்திருக்கப் பார்த்தார். இவர் அவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "வூட்டுக்குப் போடி, நோய வச்சிக்கினு இங்க வந்து நிக்கிற" என்றார். சுற்றியிருந்தவர்கள் சட்டென்று விலகினார்கள். நான் திரும்பி வந்துவிட்டேன். போர்வை திரும்பி வரவில்லை. சாயந்திரம் கேட்டதற்கு, "அங்கயே கெடக்கும், போய் பொறுக்கிக்கோ" என்றார்.

பனியிலும் ஈர ரோட்டிலும் உட்கார்ந்ததில் மூன்று நான்கு நாளில் அவருக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. பரிசோதனைக்குப் போக மறுத்தார். டீக்கடை ஆட்கள் யாரும் எட்டிப்பார்க்கவில்லை. நோய் வந்த வீடு என்று அவரே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தது போதுமாக இருந்தது. கஞ்சி வைத்தேன், மாத்திரை கொடுத்தேன், கடையில் வாங்கிய மெல்லிய போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டேன். பிறகு அவர் கட்டிலுக்கு எதிரிலேயே உட்கார்ந்து இரண்டாவது போர்வையைத் தொடங்கினேன்.

முதல் போர்வையில் எனக்குத் தீராத ஒரு குறை இருந்தது. மலை கீழே வந்து சேரும் இடத்துக்குச் சரியான நிறம் அமையவில்லை. மண்ணும் காய்ந்த புல்லும் புழுதியும் கலந்த ஒன்று வேண்டியிருந்தது. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டிரங்குப் பெட்டியில் அவர் தன் டிரைவர் காக்கிச் சட்டைகளை இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருந்தார். அவ்வப்போது எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வைப்பார். பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்தேன். தையல் பிரித்து, பட்டனைக் கழற்றி, பட்டையாக வெட்டினேன். வெயிலில் வெளுத்த தோள்பகுதி ஒரு நிறம், கைக்கு அடியில் மங்காத பகுதி ஒரு நிறம். அடுக்கி வைத்தவுடனே மலை தரையில் நின்றுவிட்டது. அவ்வளவு சந்தோஷம் எனக்குத் தையலில் அதற்கு முன் கிடைத்ததில்லை.

அவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என் காக்கியா?"

"ஆமாங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, "குளுருது" என்றார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். வேறொன்றும் செய்யவில்லை.

ராத்திரி பகலாக உட்கார்ந்து, மாதக்கணக்கான வேலையைப் பொங்கலுக்குள் முடித்தேன். பொங்கலுக்கு மகள் மலையிலிருந்து வந்தாள். அவள் அப்பா தேறியிருந்தார், மெலிந்துபோயிருந்தார். புதுப் போர்வையை அவள் மடியில் வைத்தேன். பிரித்துப் பார்த்து, "மலைம்மா இது" என்றாள். கையால் தடவிக்கொண்டே வந்தவள் கீழே காக்கிக் கரையில் நிறுத்தினாள்.

"இது அப்பா சட்டைதான?"

"ஆமா."

"அவரு குடுத்தாரா, நீயா வெட்டினியா?"

"நானா வெட்டினேன்."

போர்வையை மடித்துக் கட்டிலில் வைத்தாள். "எனக்கு வேணாம்மா. இதப் போத்திக்கினு எனக்குத் தூக்கம் வராது." போராட்டத்து ரோட்டில் நடந்ததை அவளுக்குச் சொன்னேன். துணிகளை மிதித்ததை, தெருவில் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "ஒடம்பு முடியாதவரு எதிர்ல உக்காந்து வெட்டினியேம்மா" என்றாள். பக்கத்து அறையில் அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் இருமியதும் எழுந்து தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மறுநாள் வெள்ளிமலை பஸ்ஸில் ஏற்றிவிட இவர்தான் அவளோடு போனார். போர்வையை நானே போர்த்திக்கொள்கிறேன். காக்கி முரட்டுத் துணி. கரைப்பக்கம் கனமாக இருக்கிறது. மகள் இப்போதும் வாரம் தவறாமல் போன் செய்கிறாள். அவரிடம் பேசுகிறாள். என்னிடம் கொடுக்கச் சொல்வதில்லை.