கையெழுத்துக்கு முன் மேலே பார்த்தேன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது. தையல் கடை வைத்திருக்கும் குமார் குடும்பம் அதில் நெடுநாளாகக் குடியிருக்கிறது. நான் இருப்பது சிதம்பரத்தில். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை கடலூர் போய், டைப்பிங் கடையிலேயே நானும் குமாரும் புது வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவோம். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். வீட்டுக்குப் போய்த் தொந்தரவு செய்யாததை நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் குமாருக்குக் காய்ச்சல். அதனால் ஒப்பந்தத்தோடு வீட்டுக்கே போனேன். நால்வரின் படுக்கையும் கூடத்தில் கிடந்தது. படுக்கையறைக் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

"சாமான் போட்டு வெச்சிருக்கோம்க்கா" என்றார் குமார்.

"ஆமா, பெரிய சாமான்! இன்னும் எத்தினி நாளு மறைப்பீங்க?" என்று அவர் மனைவி கயிற்றை அவிழ்த்தார்.

உள்ளே கூரைத் தளத்தின் சிமென்ட் ஒரு பாய் அகலத்துக்குப் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் தெரிந்தன. கட்டில்மேல்தான் விழுந்ததாம். பிள்ளைகள் அப்போது பள்ளியில் இருந்திருக்கிறார்கள்.

"ஏம்ப்பா சொல்லல?"

"ரிப்பேர்னு காலி பண்ணச் சொல்லிட்டா, இந்த வாடகைக்கு எங்கக்கா போவோம்?"

அன்று கையெழுத்துப் போடவில்லை. பழுதுபார்க்கும்போது வெளியே தங்கினாலும், அதே வாடகைக்கு அவர்களே திரும்பி வரலாம் என்று ஒரு வரி சேர்த்து மறுபடி டைப் அடித்து வந்தேன். அதைப் படித்த பிறகுதான் சமையலறை விரிசலையும் குமார் காட்டினார்.

இரண்டையும் பழுதுபார்த்தாயிற்று. இப்போது ஒவ்வொரு முறையும் முதலில் அந்த வரியை அவர்களுக்குப் படித்துக் காட்டுகிறேன். பிறகு அறை அறையாகப் பார்க்கிறேன். கையெழுத்து கடைசியில்தான்.