நஸ்ருதீன் பாய் வரைந்த வழி

எங்கள் தெருவிலிருந்து யார் மெட்ராஸுக்குக் கிளம்பினாலும் நஸ்ருதீன் பாயின் காதுக்கு எட்டிவிடும். எட்டிய மறுநிமிடம் அட்டையும் பேனாவுமாக வந்து நிற்பார். ராஜபாளையத்தில் ஒரே பேண்டேஜ் துணி குடோனில் நானும் அவரும் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறோம். துணிச்சுருள் அனுப்பும் பெட்டியின் அட்டையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் வழி வரைந்து கொடுப்பார். ஐகோர்ட்டுக்குப் பெரிய கட்டம், பஸ் ஸ்டாண்டுக்குச் சின்னக் கட்டம், நடுவில் ரோடு, போகிற திசைக்கு அம்புக்குறி. வரைந்ததில் ஒரு கோடுகூடக் கோணலாக இருக்காது.

கோணல் வேறு இடத்தில் இருந்தது. வாலிபத்தில் மெட்ராஸ் மண்ணடியில் ஒரு கடைக்கு ஒன்பது வருடம் மூன்று சக்கர வண்டி மிதித்தவர் அவர். தொண்ணூற்றாறில் ஊருக்குத் திரும்பியவர், அதன்பிறகு ஒருதரம்கூட அங்கே போகவில்லை. அவர் காலத்தில் நம்ம ஊர் பஸ் நேராக ஐகோர்ட்டுக்கு எதிரே பாரிமுனையில் போய் நிற்கும். பிறகு பஸ் ஸ்டாண்ட் கோயம்பேட்டுக்குப் போனது. இப்போது அதுவும் மாறி, ஊருக்கு வெளியே கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து பாரிமுனை முப்பது கிலோமீட்டருக்கு மேலே இருக்கிறது. பாயின் அட்டையில் மட்டும் பஸ் இன்னமும் பாரிமுனையில்தான் நின்றது.

இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் சடகோபன், மகளைக் கவுன்சிலிங்குக்கு அழைத்துப் போனபோது, அட்டையைப் பவ்யமாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பஸ் மதுரை தாண்டுவதற்குள் அதில் சேவும் முறுக்கும் கொட்டித் தின்றார்களாம். நான் மட்டும் என்ன யோக்கியனா? ஐந்து வருடத்துக்கு முன்னால் சாம்பிள் துணி கொண்டுபோனேன். போனில் மேப்பைப் பார்த்துப் போய், மேப்பைப் பார்த்தே திரும்பி வந்தேன்.

"எப்படிலே வைகுண்டம், அட்டப்படி போனியா?" என்று பாய் கேட்டார்.

"பிசகாமப் போய்ச் சேந்தேன் பாய்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. வயசான மனுஷன் மனசு நோகக் கூடாது என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அதெல்லாம் சும்மா. எங்களுக்கு அது ஒரு வேடிக்கை, டீ நேரத்துக்குப் பேச்சு, அவ்வளவுதான்.

அந்த அட்டையை நிஜமாக நம்பிய ஒரே ஆள் அவர் மனைவி மைமூன். மெட்ராஸைக் கண்ணால் பார்த்ததில்லை. வருகிறவன் போகிறவனெல்லாம் "பிசகாமப் போனோம்" என்று அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லும்போது, டீ கொடுத்தது அந்த அம்மாதான். நம்பாமல் என்ன செய்வார்?

போன தை மாதம் ஒரு மத்தியானம் மண்ணடியிலிருந்து போன் வந்தது. மைமூனின் அக்கா இறந்துவிட்டார். தாயில்லாத வீட்டில் மைமூனைத் தூக்கி வளர்த்தவர். மறுநாள் காலை பத்தரைக்கு அடக்கம், அதற்குமேல் யாருக்காகவும் வைத்திருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர மைமூனின் வாயிலிருந்து வேறு பேச்சே வரவில்லை. பாய்க்கு ஏணியிலிருந்து விழுந்து வலது காலில் மாவுக்கட்டு. மகன் துபாயில். தனியாகத்தான் போயாக வேண்டும்.

"நான் வந்து சின்னம்மாவக் கூட்டிக்கிறேன்" என்று அக்கா மகன் போனில் சொன்னான்.

பாய் போனைப் பிடுங்கினார். "நீங்களே துக்கத்துல இருக்கிய. எறங்குனா பத்து நிமிச நடை. எனக்கா வழி தெரியாது?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். பாய் ஆட்டோவில் மாவுக்கட்டுக் காலை வெளியே நீட்டியபடி வந்திருந்தார். அட்டையை மைமூன் கையில் கொடுத்தார்.

"ஏட்டி, யாருகிட்டயும் வழி கேக்காத. ஊருக்குப் புதுசுன்னு தெரிஞ்சா சுத்தல்ல விட்ருவானுக. போன ஆஃப் பண்ணிப் பையில வையி, கையில பாத்தா பறிச்சிட்டு ஓடிருவான். எறங்குனதும் எடது கைப் பக்கம் திரும்பு. நேரா நட. அம்புட்டுதான்."

"கேக்கக் கூடாது. எடது கை. நேரா" என்று மைமூன் ஒப்பித்தார்.

பஸ் வந்து நின்றது. நெற்றிப் பலகையில் சென்னை கிளாம்பாக்கம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பாயும் அதைப் படித்தார்.

"கிளாம்பாக்கம் வழியாப் போறான் போல. நல்லதுதான், வெரசாப் போயிருவான்."

நான் வாயைத் திறந்தேன். ஆட்டோக்காரன் என்னைப் பார்த்து வாயோரத்தில் சிரித்தான். அவனும் ஒரு காலத்தில் அட்டை வாங்கியவன். நானும் பதிலுக்குச் சிரித்துத் தொலைத்தேன். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. கண்டக்டர் சொல்லுவார், அந்த அம்மா இறங்கிக் கேட்டுக்கொள்ளுவார், குழந்தையா என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சோறு இறங்கவில்லை.

காலை ஆறரைக்கு மைமூனுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். ஏழுக்கும் அதேதான், எட்டுக்கும் அதேதான். பாய் வீட்டுக்குப் போனேன். அவர் கடிகாரத்துக்கு எதிரே கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இந்நேரம் ஐகோர்ட்டத் தாண்டிருப்பா" என்றார். செத்த நேரம் கழித்து, "வீட்டுக்கே போயிருப்பா" என்றார்.

ஒன்பது மணிக்கு அக்கா மகன் கூப்பிட்டான். சின்னம்மா இன்னும் வரலையே என்றான். பஸ் லேட்டாகியிருக்கும் என்று பாய் சொன்னார். பத்து மணிக்கு அவன் மறுபடியும் கூப்பிட்டபோது பாய் கடிகாரத்தைப் பார்த்தபடி அதையே சொன்னார். பத்தரை தாண்டியது. பாய் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதாவது சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஒரு மணிக்கு மைமூன் பேசினார். "வந்துட்டேன். அக்கா மொகத்தப் பாத்துட்டேன்."

"நாந்தான் சொன்னேம்லா!" என்று பாய் கட்டிலைத் தட்டினார். கண்ணெல்லாம் ஈரம். எனக்கும் உயிர் வந்தது. அன்றைக்கு மத்தியானம் இரண்டு பங்கு சோறு தின்றேன்.

நாலாம் நாள் மைமூனைக் கூட்டிவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இரண்டு காலிலும் துணி சுற்றியிருந்தது. எங்கள் குடோன் துணிதான், எங்கோ கடையில் வாங்கியது.

"காலுல என்னக்கா?" என்றேன்.

"நடந்தது. ஏழு மணிக்கு எறக்கிவிட்டாக. எடது கைப் பக்கம் திரும்பி நேரா நடந்தேன் தம்பி. லாரியா போகுது. ஐகோர்ட்டு இப்ப வந்துரும், இப்ப வந்துரும்னு நடந்தேன். ரெண்டு பேரு எங்கம்மா போகணும்னு கேட்டாக. யாருகிட்டயும் கேக்காதன்னு அவிய சொன்னது ஞாபகம் வந்துச்சு, இன்னும் வேகமா நடந்தேன். கடைசில ரோடு கூட்டுற ஒரு பொம்பள அட்டைய வாங்கிப் பாத்துட்டு, இது எந்தக் காலத்து வழின்னு கேட்டா. அவதான் பஸ் ஏத்திவிட்டா. போகையில பன்னெண்டாச்சு. வீட்டக் கழுவி விட்டுருந்தாக. அந்த ஈரத்துல போயி நின்னேன்."

நான் அவர் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"அந்த பஸ் ஸ்டாண்டு மாறி இருவது வருசத்துக்கு மேல ஆச்சாமே. உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும்க்கா."

"நான் பஸ் ஏறயில தெரியுமா?"

தலையை ஆட்டினேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"மொகத்தப் பாத்துட்டேன்னுதான் அவியகிட்ட சொல்லிருக்கேன். அக்கா மகங்கிட்டயும் அப்படியே சொல்லச் சொல்லிட்டேன். நீங்களும் அத மாத்திராதிய. இம்புட்டு நாள் சொல்லாம இருந்தீயள்லா, இதையும் அப்படியே வச்சுக்கிடுங்க."

போன வாரம் மம்சாபுரத்துக்காரர் ஒருவர் மெட்ராஸ் கிளம்புவதாகச் சொல்லிக்கொண்டு பாய் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது, பாய்க்கு ஏக உற்சாகம். ஐகோர்ட்டை வரைந்தார், பஸ் ஸ்டாண்டை வரைந்தார்.

"எம் பொண்டாட்டி மெட்ராஸக் கண்ணால கண்டதில்ல. இதே அட்டைய வச்சுத் தன்னந்தனியாப் போயி, அடக்கத்துக்கு முந்தி அக்கா மொகத்தப் பாத்துட்டு வந்துட்டா. வேணும்னா அவளையே கேளுங்க" என்றார்.

மைமூன் டீத் தட்டோடு வந்தார். "ஆமா" என்றார்.

மம்சாபுரத்துக்காரர் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி வாயோரத்தில் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை மைமூனும் பார்த்தார்.