முள்வாங்கி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நான் திருத்தணியில் பள்ளி ஆசிரியராக இருந்தேன். மாதவிலக்கு நின்ற பிறகு என் மனைவியின் மோவாயில் தடித்த முடிகள் முளைக்கத் தொடங்கின. தினமும் சமையலறைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முள்வாங்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள்.

ஓர் ஆடிக் கிருத்திகைக்கு மொட்டையடித்துக்கொள்ள, நான் பாவா என்று கூப்பிடும் என் அக்கா கணவர் குடும்பத்தோடு வந்திருந்தார். பந்தியில் என் மனைவி பரிமாறக் குனிந்தபோது நான் சொன்னேன்: "பாவா, இவளையும் மலைக்குக் கூட்டிகினு போங்க. தலைமுடி வேணாம், தாடிய எடுத்தாப் போதும்."

பந்தியே சிரித்தது. "ரசம் ஊத்தட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள். அன்று முதல் என்னிடம்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசினாள்.

இரண்டு வருடத்தில் படுத்த படுக்கையானாள். கையைத் தூக்க முடியவில்லை. தலையணைக்கு அடியில் இருந்த முள்வாங்கியைக் கண்ணால் காட்டினாள்.

"நான் போயிட்டா, நாலு பேர் வந்து பாக்கறதுக்குள்ள எடுத்துடுங்க."

"இப்பவே எடுக்கறேனே."

"வேணாங்க. நீங்க அதப் பாக்கறப்போ நான் கண்ண முழிச்சிகினு இருக்கக் கூடாது."

"ஆங்" என்றேன்.

ஒரு மத்தியானம் அவள் போனாள். அழுகைச் சத்தம் கேட்டுத் தெருவே உள்ளே வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அவள் மோவாயைத் தொட எனக்கு வெட்கமாக இருந்தது. பாவா வந்து குனிந்து பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. முள்வாங்கி என் கைக்குள்ளேயே இருந்தது.

வயதானால் பல பெண்களுக்கு அப்படி முளைக்கும் என்று பின்னர் ஒரு டாக்டர் சொன்னார். அதைக் கேட்க அவள் இல்லை. பந்தியில் அவளைக் கேலி செய்தபோது எனக்கு ஏன் வெட்கமே வரவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.