போரமின் நாற்பத்தோராவது ஜோடி

திங்கட்கிழமை காலை ஆட்டப் பட்டியலை ஒட்டியதும் பலகை முன்னால் முதலில் வந்து நிற்பவள் போரம்தான். தேடுவது தன் பெயரை அல்ல. ஆறு வருஷமாக இரட்டையர் மட்டுமே ஆடும் அவளுக்கு ஒற்றையர் பட்டியலில் ஏது பெயர்? தன் ஜோடியின் பெயரில் விரலை வைத்து, அந்தப் பெண்ணை எந்தச் சுற்றில் யார் தோற்கடிப்பார்கள் என்று கோட்டோடு கோடாக நகர்த்திக்கொண்டே போவாள்.

"ரெண்டாவது சுத்துல ஜப்பான்காரி. நல்லது, நல்லது." பிறகு நிம்மதியாகப் பொட்டலக் காப்பி கலக்கப் போய்விடுவாள்.

இதில் பொறாமை எதுவும் இல்லை. பதினான்கு வருஷமாகக் கொரியாவின் சின்னச் சின்ன டென்னிஸ் போட்டிகளில் ஆடிக் கற்ற பாடம் இது. ஒற்றையரில் சீக்கிரம் தோற்றவள்தான் இரட்டையரில் கடைசிவரை கூட நிற்பாள். ஒற்றையர் அரையிறுதிக்குப் போய்விட்டவளுக்கு வெள்ளிக்கிழமை வயிறு வலிக்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். இரட்டையரிலிருந்து விலகுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் ஒற்றையரில் மான்குட்டியாக ஓடுவாள். இப்படிப் பலர். அதனால் போரமின் கைப்பேசியில் ஜோடிகளுக்குப் பெயர் கிடையாது, வரிசை எண்தான்.

வயது முப்பத்துமூன்று. வலைக்குப் பக்கத்தில் அவளைத் தாண்டிப் பந்து போவது கடினம். ஆனாலும் சொல்லிக்கொள்ள ஒரே ஒரு பட்டம். அதுவும் எதிரணி வராததால் கிடைத்தது. கோப்பையோடு எடுத்த படத்தில் அவள் சட்டையில் ஒரு சொட்டு வியர்வை இருக்காது. "அழகா இருக்கேன்ல? தலைகூடக் கலையல" என்று அவளே எடுத்துக் காட்டுவாள்.

யொங்வொல் ஊரில் நடந்த போட்டியில் அவளுடைய நாற்பத்தோராவது ஜோடி சேரின். இருபத்துநாலு வயது. ஒற்றையரில் இரண்டாவது சுற்றைத் தாண்டியதே இல்லை. போரம் அவளைத் தேர்ந்தெடுத்ததும் அதற்காகத்தான். அந்த வாரம் பார்த்து சேரினுக்கு எல்லாப் பந்தும் கோட்டுக்குள் விழுந்தது. ஜப்பான்காரி தோற்றாள். அடுத்தவளும் தோற்றாள். முதல் வரிசையில் உட்கார்ந்து சத்தமாகக் கைதட்டிய போரம், ஒவ்வொரு முறையும், "நல்லா ஆடினே. ரொம்பவே நல்லா ஆடிட்டே" என்றாள். இரண்டாவது வாக்கியத்தில் குரல் கொஞ்சம் இறங்கும்.

இரட்டையரிலும் இருவரும் ஜெயித்துக்கொண்டே வந்து இறுதி ஆட்டத்தில் நின்றார்கள். சனிக்கிழமை காலை சேரினின் ஒற்றையர் அரையிறுதி. மதியம் இரட்டையர் இறுதி. அரையிறுதியில் ஜெயித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒற்றையர் இறுதி.

அரையிறுதி மூன்றாவது செட்டில் ஐந்துக்கு ஐந்து என்று இழுத்தது. வெயில் சுட்டது. வியர்வையைத் துடைக்க வந்த சேரின் கம்பிவேலியில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். கூடவே ஊர் ஊராக வர அவளுக்குப் பயிற்சியாளர் கிடையாது.

"அக்கா, அவ சர்வீஸ் எங்கே வருதுன்னே புரியல."

போரமுக்குப் புரிந்திருந்தது. முதல் செட்டிலேயே புரிந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது கேட்டாயிற்று. அவள் கொஞ்ச நேரம் தன் காலணி நாடாவைப் பார்த்தாள்.

"பந்தை மூணு தடவை தட்டினா நடுவுல வரும். நாலு தடவை தட்டினா ஓரத்துல."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"இப்பத்தான்."

பத்து நிமிஷத்தில் சேரின் இறுதிச் சுற்றில் இருந்தாள். பார்க்க வந்த டென்னிஸ் கிளப் பெண்கள் ஆரவாரம் செய்துவிட்டு, இனி இரட்டையர்தானே என்று கிம்பாப் சோற்றுச் சுருள் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு மர நிழலுக்குப் போனார்கள்.

பிசியோ அறைக்கு நாலே படிதான் இறக்கம். கம்பியைப் பிடித்துக்கொண்டு சேரின் அதைப் பின்பக்கமாக இறங்கினாள். இரண்டு கெண்டைக்காலும் கல்லாக இறுகியிருந்தன.

"நான் ஆடுவேன்கா. ஓடிப்போனவங்க லிஸ்ட்ல என்னையும் சேத்துடாதீங்க."

"நடக்கவே வரல, ஓடிப்போறியாம்ல!"

"நின்ன இடத்துலயே ஆடுறேன். நீங்க வலைகிட்டப் பாத்துக்குங்க."

"பாத்துக்கிறேன். நாளைக்கு எப்படி, நாற்காலி போட்டு உக்காந்து ஆடுவியா?"

"நாளைய கதை நாளைக்கு. நான் விலக மாட்டேன், எழுதி வச்சுக்குங்க."

சிகிச்சை மேசையில் படுத்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அதைச் சொன்னாள். நாற்பது பேரிடமும் போரம் கேட்க ஆசைப்பட்ட வாக்கியம். நாற்பத்தோராவது பெண்ணிடம் கேட்டபோது, எரிச்சல்தான் வந்தது. "ஐஸ் வச்சுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

போட்டி மேற்பார்வையாளர் நாம்குங் தன் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததுமே இழுப்பறையிலிருந்து விலகல் படிவத்தை எடுத்தார், அவ்வளவு பழக்கம்.

"சேரினா? இந்த வாட்டி என்னம்மா, வயிறா இடுப்பா?"

"சேரின் இல்ல சார். நான்."

சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். "உனக்கா? உனக்கு என்ன வந்துச்சு?"

"தோள்."

"எந்தத் தோள்?"

அதை அவள் யோசித்துவைத்திருக்கவில்லை. "வலது."

நாம்குங் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வலது என்று எழுதி, படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். அவள் அந்தக் கையாலேயே கையெழுத்துப் போட்டாள்.

"சேரினுக்கு நாளைக்குள்ள கால் சரியாயிடுமா?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? நானே தோள் வலிக்காரி."

மட்டைப் பையைத் தூக்கி எப்போதும்போல வலது தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். பிசியோ அறை ஜன்னல் திறந்திருந்தது. மேசையில் எழுந்து உட்கார்ந்திருந்த சேரின் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். போரம் நின்றாள். பையை மெதுவாக இறக்கி இடது தோளுக்கு மாற்றினாள். வலது தோளைப் பிடித்து, ஜன்னலுக்குத் தெரியும்படி நன்றாகத் தேய்த்துவிட்டுக்கொண்டே நடந்தாள்.