புதன்கிழமைச் செருப்புகள்

வீடு வீடாகப் படியேறி, "கடந்த ரெண்டு கிழமையா உங்கட மனசு எப்படி?" என்று கேட்பதற்குச் சம்பளம் தருகிற தொழில் ஒன்று இருக்கிறது. யுத்தம் முடிந்த கையோடு கல்முனைப் பக்கம் நான் அதைத்தான் செய்தேன். மனநோய்க்கும் அங்கவீனத்துக்கும் வைத்தியம் பார்க்கத் தொடங்கியவர்கள் ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று கொழும்பில் உள்ளவர்கள் ஆராய்ந்தார்கள். வெயிலில் அலைந்தது நாங்கள். இந்த வேலையில் அடிபட்டவர்களுக்குத் தெரியும், கேள்வி கேட்கப் போன வீட்டில் முதல் கேள்விகள் நமக்குத்தான் வரும்: எந்த ஊர், யார்ட மகள், இன்னும் ஏன் கலியாணம் முடிக்கல்ல?

ஜீப் நின்ற வீடு

கல்முனைக்குடியில், எங்கள் பட்டியலில் பெயர் இருந்த பரீதா மாமி வீட்டு வாசலில் எங்கள் ஜீப் நின்றது. சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த நாளிலிருந்து, ஜீப் நிற்கிற வீட்டில் ஏதோ கொடுக்கிறார்கள் என்பது ஊரின் கணக்கு. கொஞ்ச நேரத்தில் அடையாள அட்டையோடு ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. மனநலம் பற்றிக் கதைக்க வந்தோம் என்றதும் வரிசை கலைந்தது. ஆனால் போகிற கண்களெல்லாம் மாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போயின.

கடல் வந்ததிலிருந்து மாமிக்கு நித்திரை இல்லை. ஆஸ்பத்திரிக் குளிசை போட்டால்தான் கண் மூடுவார். அது வெளியே தெரிந்தால் மகள் சம்சியாவுக்குப் பேசிவரும் கலியாணம் நின்றுவிடும் என்று அவருக்குப் பயம். எனக்குத் தேத்தண்ணி தந்து, பக்கத்தில் இருத்தி, அன்பாகச் சொன்னார்:

"நீ எத்தின தரமும் வா மகள். ஜீப்பை மட்டும் மீன் சந்தையடியில விட்டுட்டு வா."

மேல்மாடி

மாமியைக் கிளினிக்குக்கு ஏற்றிப்போகிறவர், ஊருக்கே அண்ணன் முறையான நசீர் காக்கா. யுத்தத்தில் இடது கால் போய், பொய்க்காலோடு ஓட்டோ ஓட்டுகிறார். ஏறுகிற பெண்களிடம் என்ன வருத்தம் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அதனாலேயே அவருக்கு நல்ல ஓட்டம். பொய்க்கால் உரசிப் புண்ணாகியிருந்தது. காட்டினீங்களா என்று கேட்டேன். கால் பார்க்கிற இடம் ஆஸ்பத்திரி மேல்மாடியில், ஏறப் படி மட்டும்தான் என்றார். அவர்களைக் கீழே வரச் சொல்லலாமே என்றேன். காக்கா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"கேட்டன் தங்கச்சி. மேல வந்து எழுதிக் குடுங்க, கீழ வாறம் எண்டு சொன்னாங்க."

முகம் மூடிய நாள்

காக்காவுக்காக நானே மேலே ஏறி எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிய அன்று புதன்கிழமை, மனநலக் கிளினிக் நாள். மற்ற நாட்களில் முக்காடு மட்டும் போடுகிறவர்களும் அன்று முகத்தை மூடிக்கொண்டு வருவார்கள். வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒருவரோடு ஒருவர் கதைக்கமாட்டார்கள். ஆனால் செருப்பை வாசலில் கழற்றத்தானே வேண்டும்? மாமியின் செருப்பு வார் அறுந்து, மீன் வலையின் நீலக் கயிற்றால் கட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் அவர் வந்திருப்பதை நான் தெரிந்துகொள்வேன்.

அன்று வெளியே வந்தவர், இதுதான் கடைசி, இனி வரமாட்டேன் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் தாய் பெண் பார்க்க வருகிறாராம். விடாதீங்க மாமி என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். முன்பு ஒரு தடவை குளிசையை விட்டு, அடுப்பு மூட்டக்கூட எழும்பாமல் கிடந்தவர் அவர். மாமியோ என் கையைத் தட்டிச் சமாதானம் சொன்னார்:

"கலியாணம் முடியட்டும் மகள். மறுகா நான் ஆறுதலா நித்திரை கொள்ளுவன்."

அடுப்படியில்

அந்த வெள்ளிக்கிழமை, தேத்தண்ணி தூக்க ஆள் இல்லையென்று மாமி என்னையும் கூப்பிட்டிருந்தார். மருதமுனையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய் வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். எட்டிப் பார்த்தேன். நீலக் கயிறு! வீட்டையே கழுவித் துடைத்தோம், அதை எடுத்து ஒளிக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

உள்ளே வந்தார். சம்சியாவைப் பார்த்தார், வட்டிலப்பம் சாப்பிட்டார், சிரித்தார். பிறகு எழும்பி, மாமியும் நானும் நின்ற அடுப்படிக்கு நேரே வந்து கதவைச் சாத்தினார். "வாசல்ல கிடக்கிற நீலக் கயிறு போட்ட செருப்பு உங்கடயா?" என்று கேட்டார். மாமி தலையை மட்டும் ஆட்டினார். கண் நிறைந்துவிட்டது.  வந்தவர் அங்கே கிடந்த தேங்காய் திருவும் திருவலைப் பலகையில் குந்தி, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"புதன்கிழமை வாங்கில உங்களுக்குப் பக்கத்துல இரிக்கிறது நான்தான். மகன்ட கலியாணம் முடியுமட்டும் போறல்ல எண்டு நான் விட்டிருந்தன். இனி யாருக்கு ஒளிக்கிற? நசீர்ட ஓட்டோவில ரெண்டு பேருமாப் போவம், சம்பந்தி!"

மக்கள் ஏன் வைத்தியத்தைப் பாதியில் விடுகிறார்கள் என்று கொழும்பில் கேட்டதற்கு, "நல்ல சம்பந்தி அமையாததால்" என்று நான் எழுதிக் கொடுத்த பதிலை மட்டும் ஏனோ அறிக்கையில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள்.